சேலத்தில் ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப்: ஐந்துக்கு இரண்டு ஸ்டார், ஏன் என்று விவரமாக

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சேலம் டவுனுக்குள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் ஒரு பெரிய டெலிவரி ஆப்பை, அது இங்கே கால் வைத்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பயன்படுத்துகிறோம். அப்போது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பேன். இன்றைக்கு இரண்டுதான். அதில் ஒன்று வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டிக்கொண்டு வரும் தம்பிகளுக்கு. இன்னொன்று, அம்மா காய்ச்சலில் படுத்திருக்கும்போது ராத்திரி பத்தரை மணிக்கும் இட்லி கிடைக்கிறதே, அதற்கு. ஆப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஆப் நல்லதா இந்த ஆப் நல்லதா என்று பேச்சு திரும்பிவிடும், எனக்குச் சொல்லவேண்டியது அது எப்படிப் படிப்படியாக இப்படி ஆனது என்பதை.

வந்த புதிதில் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? டெலிவரி இலவசம். கடையில் என்ன விலையோ ஆப்பிலும் அதே விலை, அதற்கு மேல் பாதி விலைக்கு கூப்பன். அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு போய் பார்சல் வாங்கிவர ஆகும் பெட்ரோல் காசைவிடக் குறைவாக வீட்டு வாசலில் சாப்பாடு வந்தது. பார்சலில் ஒரு குழம்பு விட்டுப்போயிருந்தால் போட்டோ கூடக் கேட்காமல் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள். புகார் சொல்ல போன் போட்டால் மனிதர் பேசுவார், தமிழிலேயே பேசுவார். இவ்வளவு மலிவாக எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. முதலீட்டாளர் போட்ட பணத்தை எடுத்து நம் தட்டில் வைத்தார்கள், அவ்வளவுதான். நாம் பழகவேண்டும் என்பதற்கான செலவு அது.

இப்படி ஆரம்பித்து இன்றைய நிலைக்கு வந்து சேரும் இந்தச் சரிவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்திருக்கிறது, என்ஷிட்டிஃபிகேஷன். நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது, அதனால் வகுப்பறையில் சொல்லத் தயங்குவார்கள், ஆனாலும் சொல் நின்றுவிட்டது. கனடாவில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோ 2022இல் இதை உருவாக்கினார், 2023 ஜனவரியில் விரிவாக எழுதினார். அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி 2023ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது, ஆஸ்திரேலியாவின் மெக்வாரி அகராதி 2024க்கு இதையே எடுத்தது. அவர் சொல்லும் வரிசை இதுதான். இரண்டு தரப்பை இணைக்கும் ஒரு இடைத்தரகர் ஆப் முதலில் நம்மைப் போன்ற வாடிக்கையாளரை நன்றாகக் கவனிக்கும். நாம் மாட்டிக்கொண்டதும், நமக்குக் கொடுத்ததைப் பிடுங்கி வியாபாரிகளுக்குக் கொடுத்து அவர்களை உள்ளே இழுக்கும். அவர்களும் மாட்டிக்கொண்டதும் இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கித் தானே வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அழிவு. ஃபேஸ்புக்கையும் அமேசானையும் அவர் உதாரணமாகக் காட்டுகிறார். நான் படிக்கும்போது எனக்கு அமெரிக்கா எதுவும் நினைவுக்கு வரவில்லை, எங்கள் தெருமுனையில் மெஸ் நடத்தும் அக்காதான் நினைவுக்கு வந்தார்.

அந்த அக்கா மெஸ்ஸில் ஆப் வருவதற்கு முன்னாலேயே நல்ல கூட்டம். மதியம் சாப்பாடு, ராத்திரி இட்லி, தோசை, பரோட்டா, முட்டை பிரியாணி. ஆப்காரர்கள் வந்து பேசியபோது கமிஷன் குறைவு, போட்டோ நாங்களே எடுத்துத் தருகிறோம், அழகாபுரத்திலிருந்தும் சூரமங்கலத்திலிருந்தும் ஆர்டர் வரும் என்றார்கள். வந்தது. ஒரு மாஸ்டரைக் கூடுதலாகப் போட்டார், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து அடுப்பை விரித்தார். இந்தக் காலகட்டத்தில்தான் நமக்கு டெலிவரிக் கட்டணம் முளைத்தது, கூப்பன் சுருங்கியது, தேடினால் முதலில் வருவது நமக்குப் பக்கத்தில் இருக்கும் கடையா காசு கட்டிய கடையா என்று தெரியாமல் போனது. அதற்கும் அடுத்த கட்டத்தில் அக்காவின் கமிஷன் ஏறியது. கூப்பன் தள்ளுபடியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றார்கள். பட்டியலில் மேலே வர விளம்பரத்துக்குக் காசு கட்டச் சொன்னார்கள். போன மாதம் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, என் கடைப் பேரையே ஒருத்தர் தேடுனாக்கூட முதல்ல வேற கடைதான் வருதுங்க. என் பேருக்கு நானே காசு கட்டணுமாம்."

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். அக்கா கடையில் நேரில் போய் வாங்கினால் முட்டை பிரியாணி 110 ரூபாய், இரண்டுக்கு 220. ஆப்பில் அதே பிரியாணி 145, இரண்டுக்கு 290. பேக்கிங் 20, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15, டெலிவரி 42, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வரி 26, மொத்தம் 393. அதில் 60 ரூபாய் கூப்பன் கழிந்து 333 கட்டினேன், கட்டி முடித்ததும் பச்சைக் கலரில் "நீங்கள் 60 ரூபாய் மிச்சப்படுத்தினீர்கள்" என்று வந்தது. கடை விலையைவிட 113 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். சரி, அந்தக் கூடுதல் அக்காவுக்காவது போனதா? 290இல் கால்வாசி கமிஷன் என்று வைத்தாலே அவருக்கு 217 ரூபாய்தான், கூப்பனில் அவர் பங்கு 30 போனால் 187. பேக்கிங் காசு 20 டப்பாவுக்கும் கவருக்கும் சரியாகப் போய்விடும். நான் 113 கூடக் கொடுத்தேன், அவர் 33 குறைவாக வாங்கினார். வரியையும் வண்டி ஓட்டும் தம்பியின் கூலியையும் கழித்தாலும் நடுவில் நிற்கும் தொகையைப் பாருங்கள். "ஏன்க்கா ஆப்பில் விலையை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்" என்று அவரைக் கேட்பதில் ஒரு நியாயமும் இல்லை. 25 சதவீதக் கமிஷனில் கைக்கு 110 வரவேண்டும் என்றால் அவர் 147 போடவேண்டும். போட்டிருப்பது 145.

இந்தப் பிளாட்ஃபார்ம் கட்டணம் என்பதே 2023இல்தான் இந்திய டெலிவரி ஆப்களில் வந்தது. ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2 ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்கள்? ஒருவரும் போடவில்லை, அதனால் 3 ஆனது, 5 ஆனது, பண்டிகை நேரம் என்று சொல்லி 10 ஆனது, பண்டிகை முடிந்தும் இறங்கவில்லை. ஆப் என்பதே கடையையும் வீட்டையும் இணைக்கும் வேலைக்காக இருப்பது, அந்த வேலைக்குக் கமிஷன் கடையிடம் வாங்கியாகிவிட்டது, டெலிவரிக்கும் நம்மிடம் வாங்கியாகிவிட்டது, அப்புறம் ஆப்பைத் திறந்ததற்கு ஒரு கட்டணம்.

மெம்பர்ஷிப்பைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வருடத்துக்குக் கட்டினால் டெலிவரி இலவசம் என்றார்கள், கட்டினோம். நடுவில் குறைந்தபட்ச ஆர்டர் தொகையை ஏற்றினார்கள், இலவச தூரத்தைக் குறைத்தார்கள், மழை பெய்தால் மெம்பருக்கும் மழைக் கட்டணம் உண்டு என்று ஒரு நாள் தூறலில்தான் தெரிந்தது. நம் ஆர்டரோடு இன்னொருவர் ஆர்டரையும் அதே வண்டியில் கட்டிவிடுகிறார்கள், பொன்னம்மாப்பேட்டை பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி அஸ்தம்பட்டி வருவதற்குள் தோசை வளைந்து ஈரமாகிவிடுகிறது. நேராக வரவேண்டும் என்றால் அதற்குத் தனிக் காசு. முன்பு இயல்பாகக் கிடைத்ததை முதலில் கெடுத்து, அப்புறம் கெடாமல் வேண்டுமா என்று கேட்டு விற்கிறார்கள். இன்னொன்றும் பாருங்கள், என் போனிலும் வீட்டுக்காரம்மா போனிலும் ஒரே நேரத்தில் ஒரே கடையைத் திறந்தால் டெலிவரிக் கட்டணமும் கூப்பனும் வேறு வேறாக இருக்கிறது. ஆள் பார்த்து விலையை நொடிக்கு நொடி திருகும் இந்த வேலையை டாக்டரோ விரிவாக எழுதியிருக்கிறார். கடைக்காரர் கரும்பலகையில் எழுதிய விலையை அழித்து எழுதினால் எல்லாருக்கும் தெரியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன விலை என்றே நமக்குத் தெரியாது.

(தட்டுவடை செட் ஆர்டர் பண்ணும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆப்பிலும் வேண்டாம். தட்டுவடை மேல் சட்னியும் பீட்ரூட் துருவலும் வெங்காயமும் போட்டு இன்னொரு தட்டுவடையை மூடிக் கையில் கொடுத்த நிமிடமே வாயில் போடவேண்டிய பண்டம் அது. அரை மணி நேரம் டப்பாவில் கிடந்தால் அதில் மொறுமொறுப்பே இருக்காது. அதற்கு ஆப்பைக் குறை சொல்லமாட்டேன்.)

இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்போது எது சரியில்லாமல் போனாலும் இதைச் சொல்கிறார்கள். ஒரு ஓட்டலில் சாம்பார் தண்ணியாகிவிட்டது, என்ஷிட்டிஃபிகேஷன். பஸ் சீட் கிழிந்துவிட்டது, என்ஷிட்டிஃபிகேஷன். அலுவலகத்தில் டீயில் பால் குறைந்தால் அதற்கும். சொல்லை உருவாக்கியவரே தளர்வாகப் பயன்படுத்துங்கள், பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. சாம்பார் தண்ணியானதற்குக் காரணம் மாஸ்டர் வேலையை விட்டுப் போனதாக இருக்கலாம், பருப்பு விலையாக இருக்கலாம், முதலாளியின் மகன் பொறுப்பெடுத்ததாக இருக்கலாம். அந்த ஓட்டலுக்கு அதனால் நஷ்டம், நாம் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுவோம், அவர்கள் திருந்துவார்கள் அல்லது மூடுவார்கள். ஆப் விஷயத்தில் நடந்தது வேறு. நமக்கு எது மோசமாகிறதோ அதுதான் அவர்களுக்கு வருமானம். தேடல் பட்டியல் குப்பையானது விளம்பரக் காசு. ஆர்டர் சுற்றிவருவது வண்டிச் செலவு மிச்சம். புகாருக்கு மனிதர் இல்லாமல் போனது சம்பளம் மிச்சம். யாரும் கவனிக்காமல் விட்டதால் கெட்டதில்லை, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசித்துக் கெடுத்திருக்கிறார்கள். தண்ணிச் சாம்பாருக்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் "காலம் கெட்டுப்போச்சு, எல்லாமே இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுவோம். இந்தச் சொல்லுக்குள் யார், யாரிடமிருந்து, எந்த வரிசையில் எடுத்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அதற்காகத்தான் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்படியென்றால் அக்கா ஏன் ஆப்பை விட்டு வெளியே வரவில்லை? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆப் வழியாக அவரிடம் வாங்குகிறவர்கள் யார் என்பதே அவருக்குத் தெரியாது. பேர் வரும், போன் நம்பர் வராது. வருடக்கணக்காக அவர் கைச் சாப்பாடு சாப்பிடுகிற சூரமங்கலத்துக் குடும்பத்துக்கு "இனிமேல் நேரில் போன் போடுங்க" என்று சொல்ல அவரிடம் ஒரு வழியும் இல்லை. வெளியே வந்தால் அந்த ஆர்டர் எல்லாம் பட்டியலில் அடுத்திருக்கும் கடைக்குப் போய்விடும், விரித்த அடுப்புக்கும் வாடகைக்கும் அவர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் விவரத்தை மறைப்பது, கமிஷன், தள்ளுபடியைக் கடை தலையில் கட்டுவது பற்றியெல்லாம் தேசிய உணவக சங்கம் புகார் கொடுத்து, 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் பெரிய டெலிவரி நிறுவனங்கள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. இங்கே தெருமுனை அக்கா சொல்வதையும் அங்கே டெல்லியில் போன புகாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் பக்கத்துக்கும் சட்டம் கொஞ்சம் இருக்கிறது, அதை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன், அதாவது ஆப்பின் திரையிலேயே நம்மை ஏமாற்றிக் காசு பிடுங்கும் உத்திகள், தடுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது, 13 வகை ஏமாற்று வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம்மைக் கேட்காமல் பில்லில் நன்கொடையோ மெம்பர்ஷிப்போ சேர்த்து வைப்பது அதில் ஒன்று. விலையை முழுதாகச் சொல்லாமல் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுவது இன்னொன்று. சந்தாவை நிறுத்தவிடாமல் சுற்றவிடுவதும் இருக்கிறது. எங்கள் பில்லில் 3 ரூபாய் நன்கொடை தானாக டிக் ஆகி வந்தபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்துப் பதிவு செய்தேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், ஆர்டர் எண் கேட்பார்கள். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள், 2 ரூபாயை விட்டதால் எங்கே வந்து நிற்கிறோம் என்று மேலே பார்த்தோம்.

வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. ஆரம்பத்தில் தூரத்துக்கு இவ்வளவு, வாரம் இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று நல்ல காசு பார்த்ததாகச் சொல்கிறார்கள். கல்லூரி முடித்த பையன்கள் தவணையில் வண்டி எடுத்தார்கள். இப்போது அதே காசுக்கு சேலத்து ஏப்ரல் வெயிலில் இன்னும் அதிக நேரம் ரோட்டில் நிற்கவேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்காக நலவாரியம் அமைத்திருக்கிறது, பதிவு செய்துகொண்டீர்களா என்று வரும் தம்பிகளிடம் கேட்கிறேன், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள். லேட்டானதற்கு அவர்களுக்கு ஒரு ஸ்டார் போடாதீர்கள், ஆர்டரை இரண்டாகக் கட்டியது ஆப்.

ஏற்காடு போகிறவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும். கோடை விழா நேரத்தில் அறை தேடினால் புக்கிங் தளங்களில் "ஒரே ஒரு அறைதான் மீதி" என்று மினுக்கும், இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் மேலே சொன்ன அந்த 13 வகை ஏமாற்று வேலைகளில் ஒன்று. லாட்ஜின் நம்பரைத் தேடிப் பிடித்து நேரில் பேசினோம், அறையும் இருந்தது, விலையும் குறைவாக இருந்தது.

மாற்று இல்லையா என்றால் பக்கத்து நாமக்கல்லைப் பாருங்கள். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். 2025 ஜூலை 1 முதல் அங்கே ஓட்டல் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, கமிஷன் தாங்கவில்லை என்று பெரிய டெலிவரி ஆப்களில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார்கள். தனியாக ஒரு கடை வெளியே வந்தால் அந்தக் கடைக்கு மட்டும்தான் அடி. ஊரே சேர்ந்து வெளியே வந்தால் ஆப்பில் காட்ட சாப்பாடு இருக்காது. சேலத்து ஓட்டல்காரர்களும் இதைப் பேசவேண்டும் என்று எனக்கு ஆசை, அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது எப்படி என்றால், பக்கத்துக் கடைகளுக்கு ஆப்பைத் திறப்பதில்லை. அக்கா தன் பார்சல் கவரிலேயே போன் நம்பரை அச்சடித்துவிட்டார், வாட்ஸ்அப்பில் மதியமே சொல்லிவிட்டால் ராத்திரி ஏழரைக்குத் தயாராக இருக்கும், நடந்துபோய் வாங்கிக்கொள்கிறோம். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவர் கடைப் பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான், 15 ரூபாய். பிரியாணி 110தான். தூரத்துக் கடை, ராத்திரி நேரம், உடம்பு முடியாத நாள், இதற்கு மட்டும் ஆப். அந்த நேரத்தில் அது உதவுகிறது, அதை மறுக்கமாட்டேன், பார்சல் எந்த ரோட்டில் வருகிறது என்று காட்டும் மேப் இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஸ்டாரை ஏற்றச் சொல்லி ஆப்பிலிருந்து மெசேஜ் வந்தது, அதனால் என்ன செய்தால் ஏற்றுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்திலேயே எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையைக் காட்டுங்கள். காசு வாங்கிக்கொண்டு மேலே வைத்த கடைகளைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள், கடைப் பெயரைத் தேடினால் அந்தக் கடையே முதலில் வரட்டும். நான் சம்மதித்தால் என் நம்பரை அக்காவுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் கடைக்கு எவ்வளவு போனது, வண்டி ஓட்டியவருக்கு எவ்வளவு போனது, உங்களுக்கு எவ்வளவு என்று பில்லில் மூன்று வரியில் அச்சிடுங்கள். இந்தக் கடைசி ஒன்றைச் செய்தாலே ஒரு ஸ்டார் உடனே ஏற்றுவேன். மிச்சத்தைச் செய்தால் மற்றதையும்.